சின்ன ஊர்த் தன்னார்வக் குழுக்கள்: ஆள் இருந்தும் ஏன் தடுமாறுகின்றன?

தலைநகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சிறு நகரம், அதைச் சுற்றிச் சில கிராமங்கள். இப்படியொரு வட்டாரத்தில் அரசாங்கத்தின் கை எட்டாத, லாபம் இல்லாததால் தனியாரும் எட்டிப் பார்க்காத வேலைகள் நிறைய இருக்கும். வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, ஆற்றங்கரையில் மரம் வைப்பது, எங்காவது தீப்பிடித்தால் முதல் ஆளாக ஓடுவது, படுக்கையில் கிடப்பவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இதையெல்லாம் சிலர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள்தான் தன்னார்வக் குழு. சில குழுக்கள் சங்கமாகப் பதிவு செய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முறையாக இயங்கும். சில குழுக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தவிர வேறு முகவரியே கிடையாது.

இது ஏதோ சிலரின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுக்க 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய 86 கோடிப் பேர், மாதந்தோறும் ஏதாவதொரு தன்னார்வப் பணி செய்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அதிலும் அமைப்புகள் வழியாகச் செய்பவர்களைவிட, அக்கம்பக்கத்தாருக்கு நேரடியாக உதவுபவர்களே இரண்டு மடங்குக்கு மேல். சிலி நாட்டில் தீயணைப்புப் படையே தன்னார்வலர்கள்தான். 1851-இல் வல்பரைசோ துறைமுக நகரத்தில் தொடங்கிய அந்த வழக்கம் இன்றுவரை நாடு முழுக்கத் தொடர்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் படகுகளில் போவோரில் பெரும்பாலானவர்கள் 1824-இல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பின் தன்னார்வலர்கள்.

சரி, இந்தக் குழுக்களுக்கு என்ன குறை? யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், ஆள் இல்லை, பணம் இல்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு என்றால் ஆள் வரத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பொருள் வாங்க வேண்டுமென்றால் பணமும் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. வாராவாரம் நடந்தே ஆக வேண்டிய, ஆனால் யார் கண்ணிலும் படாத வேலை ஒன்று இருக்கிறது. ஆளும் பணமும் வராமல் போவது அதற்குத்தான். சின்ன ஊர்க் குழுக்கள் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

ஒரு வண்டி ஓட எத்தனை பேர் வேண்டும்?

பொதுவாகச் சொன்னால் இது பிடிபடாது. ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். வண்டி வசதி இல்லாத நோயாளிகளை 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு வாரத்தில் 2 நாள் இலவசமாக அழைத்துப் போவது அதன் வேலை. யாரோ ஒரு நல்லவர் 6 நோயாளிகள் உட்காரும் வேன் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்திருக்கிறார். சாவியைக் கொடுக்கும் படமும் எடுத்தாயிற்று.

காலை 7 மணிக்குக் கிளம்பினால் திரும்பி வரப் பிற்பகல் 3 மணி ஆகும். ஓட்டுநர் ஒருவர், கைபிடித்து ஏற்றி இறக்கவும் சீட்டு வாங்கிக் கொடுக்கவும் கூட ஒருவர். ஆக 2 பேர், ஆளுக்கு 8 மணி நேரம், வாரத்தில் 2 நாள். மொத்தம் 32 மணி நேரம். இதற்கு 16 பேர் கிடைத்துவிட்டால், ஒருவருடைய முறை 4 வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். யாராலும் முடியக்கூடிய அளவுதான்.

இப்போது மீதி வேலையைப் பாருங்கள். வாரத்துக்கு 12 நோயாளிகள். ஒவ்வொருவரிடமும் இடம் உறுதி செய்ய ஒரு முறை, முந்தின நாள் மாலை நினைவூட்ட ஒரு முறை என்று 2 தடவையாவது பேச வேண்டும். வரவில்லை என்று ஒருவர் சொன்னால், காத்திருப்பவர்களில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை என்றால் இரவோடு இரவாக மாற்று ஆள் தேட வேண்டும். இதற்கே வாரம் 4 மணி நேரம் போய்விடும். எரிபொருள் ரசீது, வங்கிக் கணக்கு, வண்டியின் சர்வீஸ், காப்பீடு புதுப்பிப்பது, நன்கொடை தந்தவருக்குக் கடிதம் என்று இன்னொரு 4 மணி நேரம். இந்த 8 மணி நேரமும் பெரும்பாலும் ஒரே ஒருவருடைய தலையில் விழும். 4 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் ஓட்டுநர் தருவது 8 மணி நேரம், இவர் தருவது 32. அதாவது 4 மடங்கு. ஓட்டுநருக்காவது இறங்கும்போது ஒரு பாட்டி கையைப் பிடித்து நன்றி சொல்வார். தொலைபேசியில் பேசுபவருக்கு நோயாளி வராமல் போனதற்கான காரணமும், வண்டி தாமதமானதற்கான வசவும்தான் வந்து சேரும்.

நேரம் மட்டுமா? அவருடைய தலைக்குள் இருக்கும் விஷயங்களைப் பாருங்கள். ஒருவருக்குக் காது மந்தம், அதனால் பக்கத்து வீட்டு எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். இன்னொருவருக்கு முழங்கால் மடங்காது, முன் இருக்கைதான் சரிப்படும். மழை பெய்தால் குறிப்பிட்ட ஒரு தெருவுக்குள் வண்டி நுழையாது, முனையில் நின்று ஹாரன் அடிக்க வேண்டும். மருத்துவமனையில் எந்த வாசலில் நிறுத்தினால் காவலாளி விரட்ட மாட்டார். இதில் ஒன்றுகூட எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்காது.

16 பேரில் ஒருவர் விலகிக்கொண்டால் வண்டி நிற்காது. தொலைபேசியில் இருப்பவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த வாரம் வண்டி கிளம்பாது. அவர் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தால், ஆறு மாதத்தில் குழுவே கலைந்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ஆர்வம் குறைந்துவிட்டது என்பார்கள். ஆர்வத்துக்கு ஒரு குறையும் இல்லை. வேலையைக் கைமாற்ற வழியில்லாமல் போனதுதான் காரணம்.

பாடம் நடத்தும் குழுவோ மரம் வைக்கும் குழுவோ, எதை எடுத்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மரம் நடும் நாளன்று கூட்டம் அலைமோதும், படமும் எடுப்பார்கள். அடுத்த 2 கோடைக்குத் தண்ணீர் ஊற்றுபவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அதே நாலு பேர்

பெருநகரத்தில் ஒருவர் ஒரு குழுவில் இருப்பார். சின்ன ஊரில் அப்படி இல்லை. வாசகசாலைச் செயலாளர்தான் விளையாட்டுக் கழகத்துக்கும் பொருளாளர், அவரே பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும் இருப்பார், வெள்ளம் வந்தால் நிவாரணப் பட்டியல் எழுதவும் அவரைத்தான் தேடுவார்கள். எதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டால் அப்புறம் தப்பிக்க முடியாது. இப்படி 10 குழுக்கள் இருப்பதாகத் தெரியும் ஊரில், உண்மையில் நாலைந்து பேர்தான் பத்தையும் தாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் களைத்துப்போனால் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் ஆட்டம் காணும்.

ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். புதிய செயலாளர் யார் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். கடைசியில், போன வருஷமே போதும் என்று சொன்னவரையே மறுபடியும் உட்கார வைப்பார்கள். அவரும் குழு நின்றுவிடக் கூடாதே என்று ஒத்துக்கொள்வார். பத்து வருஷம் ஒருவரே பொறுப்பில் இருப்பதைப் பார்த்து, பதவி ஆசை என்று பேசுபவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களும் எங்காவது இருக்கலாம். பெரும்பாலும் இறக்கிவைக்க ஆள் கிடைக்காத சுமையைத்தான் அவர்கள் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்பது அடுத்த கேள்வி. சின்ன ஊர்களில் இதற்கு நேரான பதில், அவர்கள் ஊரிலேயே இல்லை என்பது. படிக்கவும் வேலைக்கும் வெளியே போய்விடுகிறார்கள். இருக்கும் சிலருக்கும் வேலை நேரம் நிலையாக இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை கட்டாயம் வர வேண்டும் என்றால் அவர்களால் முடியாது. ஆனால் குழுவின் சுவரொட்டியை வடிவமைத்துக் கொடு, வரவு செலவை எக்செலில் போட்டுக் கொடு என்றால் எந்த ஊரில் இருந்தாலும் செய்து கொடுப்பார்கள். வெளியூர் போன பிள்ளைகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடும் குழுக்கள், கையில் இருக்கும் நல்ல ஆட்களை இழக்கின்றன. வந்த இளைஞர்களை நாற்காலி எடுத்துப் போட மட்டும் கூப்பிட்டு, முடிவெடுக்கும் இடத்தில் வாயைத் திறக்க விடாத குழுக்களும் இருக்கின்றன. அவர்கள் இரண்டாவது தடவை வராததில் வியப்பில்லை.

எல்லோரும் இருந்தால் யாரும் இல்லை

ஆள் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இரண்டு பழைய சோதனைகளைச் சொல்ல வேண்டும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்போம். உண்மையிலேயே கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்தவர் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1913-இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, ஆள் கூடக்கூட மொத்த இழுவிசை கூடியது, ஆனால் ஒவ்வொருவரும் போட்ட விசை குறைந்துகொண்டே வந்தது. 8 பேர் சேர்ந்தபோது ஒருவருடைய பங்கு, தனியாக இழுத்தபோது இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். மற்றவர்கள் இழுக்கிறார்களே என்று தன்னையறியாமல் கை தளர்வது இன்னொரு காரணம்.

இரண்டாவது, 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்தது. தனித்தனி அறைகளில் இருந்தபடி ஒலிபெருக்கி வழியாக உரையாடும்போது ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் கேட்கவைத்தார்கள். தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி கேட்டு ஓடினார்கள். இன்னும் 4 பேருக்கும் அது கேட்டிருக்கும் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர் மட்டுமே அப்படிச் செய்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "நாளை காலை வண்டி ஓட்ட யாராவது வர முடியுமா?" என்று போட்டால் என்ன நடக்கும் என்பது இதிலிருந்தே புரியும். 150 பேர் படித்திருப்பார்கள். நாலு பேர் கும்பிடு போடும் குறியீட்டை அனுப்புவார்கள். வண்டி ஓட்ட ஒருவரும் வரமாட்டார். அதையே ஒருவருக்குத் தனியாகப் போன் செய்து, "நாளைக்கு 7 மணிக்கு நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும், முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் முடியும் என்பார், இல்லையென்றால் முடியாது என்றாவது சொல்வார். குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் விஷயமும் இதுதான். பொதுவில் வேண்டுகோள் வைப்பதால் தகவல் போய்ச் சேரும். ஆள் வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பணம் வருகிறது, வேண்டிய இடத்துக்கு வருவதில்லை

வண்டிக்கே திரும்புவோம். வண்டி வாங்க நன்கொடையாளர் கிடைத்தார். டயர் மாற்றக் கிடைப்பாரா? காப்பீட்டுத் தவணைக்கு? தொலைபேசிக் கட்டணத்துக்கு? தணிக்கையாளருக்குக் கொடுக்க? பெயர் எழுதிய பலகை மாட்ட முடியாத செலவுக்குப் பணம் தர மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. நிறுவனங்களும் மானியம் தரும் அமைப்புகளும்கூட அப்படித்தான். புதிய திட்டம் என்றால் தருவார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய வேலையைத் தொடரத் தரமாட்டார்கள். அதனால் குழுக்களும் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் புதுப்பெயரில் ஒன்றைத் தொடங்க வேண்டியதாகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதுதான் நேர்மையான குழுவுக்கு அடையாளம் என்று நன்கொடையாளர்கள் நம்புகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் குழுக்களும் அந்தச் செலவைக் குறைத்துக் காட்டுகின்றன. அதைப் பார்த்து, இவ்வளவிலேயே முடிகிறதே என்று அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். குழு மேலும் மெலிகிறது. ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் 2009-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தொண்டு நிறுவனங்களின் பட்டினிச் சுழல் என்றார்கள். பெரிய நிறுவனங்களை வைத்துச் சொன்னது, ஆனால் சின்ன ஊர்க் குழுக்களில் இது இன்னும் மோசம். இங்கே குறையும் தொகையைச் செயலாளர் கைக்காசு போட்டு ஈடுகட்டிவிடுவார், கணக்கில் எழுதவும் மாட்டார். அந்தக் குழுவை நடத்த உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது அவருக்குப் பின் வருபவருக்குத் தெரியவே தெரியாது. கைக்காசு போட்டாலும் அதை நன்கொடை என்று கணக்கில் எழுதுங்கள் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

விண்ணப்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு தொகைக்கும் பெருந்தொகைக்கும் ஒரே நீளத்தில் படிவம் வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, திட்டத்தின் தாக்கத்தை அளக்கும் முறை, பயனாளிகள் விவரம், எல்லாம் தலைநகரத்து மொழிநடையில். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து இதை நிரப்புபவர் ஒரு தன்னார்வலர். எதிரே போட்டியில் இருப்பது விண்ணப்பம் எழுதவே சம்பள ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம். கெட்டிக்காரத்தனமாக எழுதத் தெரிந்தவருக்குப் பணம் போவதும், வேலை செய்பவர் வெறுங்கையோடு நிற்பதும் இப்படித்தான். சிறு தொகைக்கு ஒரு பக்கப் படிவமும் நேரில் வந்து ஒரு பார்வையும் போதும். பணம் தருபவர்கள் நினைத்தால் நாளைக்கே மாற்றக்கூடிய விஷயம் இது.

எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்பதில் உள்ள சங்கடம்

சின்ன ஊரின் பெரிய பலம் அறிமுகம். ஒருவரைத் தெரிந்துகொள்ள அறிமுகக் கடிதம் வேண்டாம், முகமே போதும். ஒரு காரியத்துக்குக் கேட்டால் வண்டி வரும், இடம் கிடைக்கும், சாமான் கிடைக்கும். அதே அறிமுகம்தான் கணக்குக் கேட்கும்போது காலைப் பிடித்து இழுக்கிறது. பொருளாளர் நமக்கு வாத்தியாராக இருந்தவர், அல்லது சொந்தக்காரர். அவரிடம் போய் ரசீது எங்கே என்று எப்படிக் கேட்பது? இந்த முகதாட்சண்யத்தால் இரண்டு மூன்று வருஷம் கணக்கு வாசிக்காமலே ஓடிவிடும். பிறகு ஒருநாள் யாரோ டீக்குடிக்கும் இடத்தில் ஒரு வார்த்தை விடுவார். ஒரு பைசாகூடத் தொடாத மனிதர் ஊரெல்லாம் திருடன் என்று பேர் வாங்குவார். அவர் நேர்மையானவர் என்று நிரூபிக்கக் காகிதம் இருக்காது.

கணக்கை மாதாமாதம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோர் முன்னிலும் வைப்பது என்று வழக்கமாக்கிவிட்டால், சந்தேகப்பட்டுக் கேட்டதாக ஆகாது. காசோலையில் இருவர் கையெழுத்து, வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி அறிக்கையின் படத்தைக் குழுவில் பகிர்வது. இவை முதலில் பொருளாளரைக் காப்பாற்றும், பிறகுதான் பணத்தை.

சண்டைக்கும் இது பொருந்தும். பெருநகரத்தில் ஒரு குழுவில் ஒத்துப்போகவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போய்விடலாம். இங்கே இருப்பது ஒரே குழு. முறைத்துக்கொண்டவரை மறுநாள் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும், அவர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பு. அதனால் மனத்தாங்கலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். காடு, மேய்ச்சல் நிலம், பாசன நீர் போன்ற பொதுச் சொத்துகளைச் சமூகங்களே எப்படிக் காப்பாற்றி நடத்துகின்றன என்று பல நாடுகளில் ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபல் பரிசை 2009-இல் பெற்ற அவர்தான் அப்பரிசைப் பெற்ற முதல் பெண். நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுக்கூறுகள் சில நமக்கு நேரடியாகப் பயன்படும். விதிகளை அவற்றால் பாதிக்கப்படுபவர்களே சேர்ந்து வகுத்திருந்தார்கள். கண்காணிப்பு இருந்தது. தப்புச் செய்தால் முதலில் லேசான கண்டிப்பு, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கடுமை. அப்புறம், தகராறைச் செலவில்லாமல் சீக்கிரம் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. தன்னார்வக் குழுக்களில் பெரும்பாலும் இல்லாமல் இருப்பது இந்தக் கடைசி அம்சம். நிர்வாகக் குழுவில் இல்லாத, இரு தரப்பும் மதிக்கும் 2 பேரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும். சண்டை வந்த பிறகு தேடினால் யார் பெயரைச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்கு ஆகாது.

தூரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பயிற்சி தலைநகரத்தில், கூட்டம் தலைநகரத்தில், கையெழுத்து வாங்க வேண்டிய அலுவலகமும் அங்கேயே. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் போய்வர வேண்டும். இணையவழிக் கூட்டங்கள் வந்தபின் கொஞ்சம் குறைந்திருக்கிறது, தீரவில்லை.

விதிமுறைகளின் பாரம்

குழந்தைகளோடு பழகும் தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். வண்டியில் ஏற்றினால் காப்பீடு வேண்டும். நன்கொடை வாங்கினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நோயாளிகளின் விவரங்களை வைத்திருந்தால் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் எங்கும் இந்த வகைப் பொறுப்புகள் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். நல்ல காரியம்தானே என்று குழந்தைப் பாதுகாப்பிலோ வண்டியின் பிரேக்கிலோ விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் 500 ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு எழுதிய விதியையே 16 பேர் குழுவுக்கும் அப்படியே வைப்பது அவர்களை ஒடித்துவிடும். இங்கே கைகொடுக்கக்கூடியது கூட்டு ஏற்பாடு. ஒரு வட்டாரத்தில் இருக்கும் ஏழெட்டுக் குழுக்கள் சேர்ந்து ஒரே தணிக்கையாளரை வைத்துக்கொள்ளலாம், காப்பீட்டை மொத்தமாகப் பேசலாம். பதிவு செய்யாத சிறிய குழு, பதிவு செய்த பெரிய அமைப்பின் குடைக்குள் இருந்து பணம் பெறலாம். அப்படிச் செய்யும்போது யாருக்கு என்ன பொறுப்பு, எத்தனை சதவீதம் நிர்வாகத்துக்கு என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நட்பை நம்பி வாய்ப்பேச்சில் விட்டால் நட்பும் போகும்.

வேலையைக் கைமாற்றும் வழி

முன்னே சொன்ன கடல் மீட்புப் படகு அமைப்பிடம் கற்றுக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அங்கே சேரும் தன்னார்வலர்களில் கடல் சார்ந்த தொழில் பின்னணி உள்ளவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே. மற்றவர்களுக்கு எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்தவர் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அடுத்தது, படகில் போவோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் என்றாலும், எல்லாக் காலநிலையிலும் ஓடும் பெரிய படகுகள் உள்ள நிலையங்களில் வழக்கமாக முழுநேர மெக்கானிக் ஒருவர் சம்பளத்துக்கு இருப்பார். ஆபத்தில் இறங்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். என்ஜினைத் தினமும் பார்க்க ஒருவர் நிலையாக இருக்க வேண்டும் என்று புரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் லேண்ட்கேர் இயக்கத்திலும் இதைப் பார்க்கலாம். 1986-இல் விக்டோரியா மாநிலத்தின் செயின்ட் அர்னாட் பகுதியில் விவசாயிகள் சேர்ந்து நிலத்தைக் காக்கத் தொடங்கிய குழுதான் அதன் தொடக்கம். பிறகு நாடெங்கும் பரவியது. மரம் நடுவதும் வேலி போடுவதும் உறுப்பினர்கள். பக்கத்துப் பக்கத்துக் குழுக்கள் பலவற்றுக்கும் பொதுவாக, கடிதப் போக்குவரத்தையும் விண்ணப்பங்களையும் கூட்டங்களையும் பார்த்துக்கொள்ளச் சம்பள ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ளும் முறை அங்கே உண்டு. தன்னார்வத்தில் சம்பளம் கலந்தால் புனிதம் கெட்டுவிடும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்துக் குழுக்களுக்கு ஒரு அரைநேர ஊழியர் கிடைத்தால், நூறு தன்னார்வலர்கள் தாங்கள் விரும்பி வந்த வேலையைச் செய்ய முடியும்.

சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத குழுக்கள் என்ன செய்வது? ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைப்பதுதான் முதல் வேலை. துணைப் பொருளாளர் என்று பெயருக்குப் போட்டால் போதாது. மூன்று மாதத்தில் ஒரு மாதம் அவரே கணக்கை எழுத வேண்டும். வங்கியில் அவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் இறந்துபோய், இருக்கும் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைவது குழுக்களில் சகஜமாக நடக்கிறது.

அடுத்து, பொறுப்புகளைச் சின்னதாக நறுக்குவது. செயலாளர் என்ற ஒரு நாற்காலிக்கு யாரும் வரமாட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுத ஒருவர், சாவி வைத்திருக்க ஒருவர், நன்றிக் கடிதம் அனுப்ப ஒருவர், செவ்வாய்க்கிழமை மட்டும் தொலைபேசி எடுக்க ஒருவர் என்று பிரித்தால் வருவார்கள். அதற்கும் ஒரு காலவரையறை சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு என்று கேட்டால் சரி என்பவர், எப்போது முடியும் என்று தெரியாத பொறுப்பை ஏற்கத் தயங்குவார். அதில் தப்பில்லை.

தலைக்குள் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. பெரிய கையேடு எழுத உட்கார்ந்தால் முடியாது. தொலைபேசி எடுப்பவர் தன் வேலையைச் செய்யும்போது புதியவர் பக்கத்தில் இருந்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். காது கேட்காதவருக்குப் பக்கத்து வீட்டு எண், மழையில் நுழைய முடியாத தெரு, மருத்துவமனையின் சரியான வாசல், காப்பீடு முடியும் தேதி, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் யார், மின்னஞ்சல் கடவுச்சொல் எங்கே இருக்கிறது. நாலு வாரத்தில் நோட்டு நிரம்பிவிடும்.

உதவி செய்ய விரும்பும் வெளியாட்களும் இந்த இடத்தில் வரலாம். ஒரு குழுவிடம் போய், "நான் என்ன செய்யட்டும்?" என்றால் அடுத்த நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்பார்கள். "உங்களில் யார் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

முடித்துக்கொள்வதும் ஒரு வேலை

இதைப் பேசக் குழுக்களுக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். சில குழுக்களின் தேவை முடிந்துவிடும். அரசாங்கமே பேருந்து விட்டால் வேனுக்கு வேலை இல்லை. சில குழுக்களில் ஆளே மிஞ்சுவதில்லை. அப்போது பெயருக்கு இழுத்துக்கொண்டு போவதைவிட ஒழுங்காக மூடுவது நல்லது. குழுவைக் கலைத்தால் வண்டியும் வங்கி இருப்பும் யாருக்குப் போக வேண்டும் என்பது துணை விதிகளில் இருக்க வேண்டும். உறுப்பினர்களுக்குள் பங்கு போடாமல், அதே போன்ற வேலை செய்யும் இன்னொரு குழுவுக்குப் போவதுதான் பொதுவான நடைமுறை, பல நாடுகளில் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. கடைசிப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, வரவு செலவை வாசித்து, வங்கிக் கணக்கை முடித்து, பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். நோயாளிகளின் தொலைபேசி எண்கள் உள்ள பட்டியலை, அவர்களைக் கேட்காமல் அடுத்த குழுவிடம் கொடுக்கக் கூடாது. கணக்குப் புத்தகங்களைச் சட்டம் சொல்லும் காலம்வரை யார் வீட்டில் வைத்திருப்பது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்.